விலை போடாமல் "கேளுங்கள்" என்று சொல்லிப் பழைய வாட்சை விற்பது எப்படி?

விற்கிறவர் விலை சொல்லாமல், வாங்குகிறவர்களையே விலைக்குக் கேட்க விட்டால் வேலை மிச்சம் என்றுதான் நானும் நினைத்தேன். கையில் இருந்தது மஞ்சள் டயல் சீக்கோ 6139 குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள வாட்ச்). மூன்று படம் எடுத்தேன். கீழே "விருப்பமுள்ளவர்கள் விலை கேட்கலாம்" என்று ஒரு வரி. அவ்வளவுதான் என் தயாரிப்பு.

முதல் மூன்று நாளில் வந்த செய்திகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வி: "கடைசி விலை என்ன?" நான்காம் நாள் ஒருவர் நல்ல தொகைக்குக் கேட்டார். "சரி, பார்க்கலாம்" என்று பதில் போட்டேன். அந்தச் "சரி"யை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் இன்னொருவர் அதைவிடக் கால் பங்கு கூடுதலாகக் கேட்க, நான் அந்தப் பக்கம் சாய்ந்தேன். முதலாமவர் வாக்குத் தவறிவிட்டாய் என்று சண்டைக்கு வந்தார். இரண்டாமவரோ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "டயலில் வாட்டர் புரூஃப் என்று இருக்கிறது, பின்மூடியின் சீரியல் 53 என்று தொடங்குகிறது, இரண்டும் ஒத்துப்போகவில்லையே?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவரும் விலகிவிட்டார். இரண்டு மாதம் கழித்து, முதலாமவர் கேட்டதைவிடக் குறைவாகத்தான் வாட்ச் போனது.

அடுத்த வாட்சை இதே முறையில் ஒழுங்காக விற்றேன். இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டது கீழே.

1. இந்த முறை உங்கள் வாட்சுக்கு ஒத்துவருமா என்று பாருங்கள்

இன்றும் கடையில் கிடைக்கிற மாடல், அல்லது வாரத்துக்குப் பத்து கைமாறுகிற மாடல் என்றால் பேசாமல் விலையைப் போட்டுவிடுங்கள். அதன் சந்தை விலை எல்லோருக்கும் தெரியும். "கேளுங்கள்" என்றால் அதற்குக் கீழேதான் கேட்பார்கள்.

ஒத்துவருவது இப்படிப்பட்டவற்றுக்கு: அரிதாகத் தென்படும் டயல் நிறம், பாலிஷ் படாத கேஸ் (வாட்சின் வெளிக்கூடு), யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதற்குக் காகிதச் சான்று, அல்லது கடந்த ஓராண்டில் ஒத்த வாட்ச் எதுவும் விற்றதாகத் தகவலே இல்லாத நிலை. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலக்ஸ் டேட்டோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது, மதிப்பீடாகச் சொன்னது "பத்து லட்சம் டாலருக்கு மேல்" என்று மட்டுமே. போனது 1.77 கோடி டாலருக்கு. ஒன்றே ஒன்று இருக்கும் பொருளுக்கு விற்பவர் ஒரு விலை எழுதியிருந்தால், எழுதிய எண்ணோடு அது நின்றிருக்கும்.

நம் கையில் இருப்பது அப்படிப்பட்டதாக இருக்காது. ஆனாலும் "இதற்கு என்ன விலை போடுவது என்று எனக்கே தெரியவில்லை" என்பது மட்டும் இந்த முறைக்குக் காரணமாக இருக்கக்கூடாது. தெரியாமல் இறங்கினால் முதலில் கேட்கிறவர் சொல்வதுதான் விலை.

2. அடிமட்ட விலையைத் தாளில் எழுதி வையுங்கள்

வெளியே சொல்லாவிட்டாலும் உங்களுக்கு ஒரு விலை இருந்தாக வேண்டும். நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

ஒத்த வாட்சுகள் எவ்வளவுக்குப் போயின என்று தேடுங்கள். எவ்வளவுக்குப் போட்டிருக்கிறார்கள் என்பது கணக்கில் சேராது. குரோனோ24 போன்ற தளங்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் விற்பவர் ஆசைப்படும் விலை. இரண்டு வருடமாக விற்காமல் கிடக்கும் வாட்சின் விலையும் அதில் ஒன்று.

இங்கே இரண்டு பொறிகள். ஈபேயில் விற்று முடிந்தவற்றைத் தேடினால், பேரத்தில் போனவற்றுக்கு முதலில் போட்ட விலையே குறுக்குக் கோட்டுடன் தெரியும். உண்மையில் கைமாறிய தொகை அதைவிடக் குறைவு. அடுத்தது ஏல முடிவுகள். பெரிய ஏல நிறுவனங்கள் வெளியிடும் தொகையில், வாங்கியவர் தனியாகக் கட்டும் கட்டணமும் சேர்ந்திருக்கும். சுத்தியல் விழுந்த விலை, அதாவது ஏலத்தில் கடைசியாகக் கேட்ட தொகை, அதற்குக் கீழே. விற்றவர் கைக்குப் போனது, அவர் பங்குக் கமிஷனும் கழிந்து, இன்னும் கீழே. ஏல முடிவைப் பார்த்து மனக்கோட்டை கட்டுகிறவர்கள்தான் வருகிற நல்ல கேட்பையெல்லாம் (வாங்குபவர் தரத் தயாரென்று சொல்லும் தொகையை) தட்டிவிட்டு, கடைசியில் அடிமாட்டு விலைக்குத் தள்ளுகிறார்கள்.

பிறகு செலவைக் கழியுங்கள். ஒருவர் 100 கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் கமிஷன் 7, பணப் பரிமாற்றக் கட்டணம் 3, காப்பீட்டோடு பார்சல் 2, படத்துக்காகப் பின்மூடி திறந்தது, சான்றுக்குக் கட்டியது என்று இன்னொரு 2. கையில் நிற்பது 86. உங்கள் தளத்திலும் ஊரிலும் எண்கள் மாறும். அந்த எண்களை விசாரித்துப் போடுங்கள்.

என் தாளில் மூன்று எண்கள் இருக்கும். இதற்குக் கீழே கொடுக்கமாட்டேன் என்பது ஒன்று. இது வந்தால் திருப்தி என்பது இரண்டு. இது வந்தால் கேட்புகளுக்கு நான் வைத்த கெடு வரைகூடக் காத்திருக்காமல் கொடுத்துவிடுவேன் என்பது மூன்று. மூன்றுமே செலவு போகக் கையில் நிற்கும் தொகை. கேட்புகள் வர ஆரம்பித்தபின் இந்தத் தாளைத் திருத்தாதீர்கள். மூன்று குறைந்த கேட்பு வரிசையாக வந்தால் மனசு தானாகவே இறங்கும்.

3. காகிதங்களைச் சேருங்கள் (இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்)

விலை போட்ட வாட்சை, விலை மலிவாக இருக்கிறதே என்று காகிதம் இல்லாமலும் வாங்குவார்கள். விலை கேட்கச் சொன்ன வாட்சில், இல்லாத ஒவ்வொரு காகிதத்துக்கும் வாங்குபவர் மனசுக்குள் ஒரு தொகையைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைச் சொல்கிறார்.

வாரண்டி அட்டை, வாங்கிய ரசீது, பெட்டி, சர்வீஸ் பில்கள் இருந்தால் எடுத்து வையுங்கள். அட்டையிலுள்ள சீரியலும் வாட்சின் சீரியலும் ஒன்றுதானா என்று பூதக்கண்ணாடி வைத்து ஒப்பிடுங்கள். பழைய ரோலக்ஸில் சீரியல், 6 மணிப் பக்கம் கேஸில் ஸ்ட்ராப் மாட்டும் இரு கொம்புகளுக்கு நடுவே, ஸ்ட்ராப்பைக் கழற்றினால் தெரியும். எதிரே 12 மணிப் பக்கம் மாடல் எண். சீக்கோவில் இரண்டும் பின்மூடியில் இருக்கும். சீரியலின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்தது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி என்ற எழுத்துகள். என் வாட்சின் 53 என்றால் 1975 மார்ச். டயலில் இருந்த "புரூஃப்" என்ற சொல்லையோ சீக்கோ 1970களின் தொடக்கத்திலேயே கைவிட்டு "ரெசிஸ்ட்" என்று மாற்றிவிட்டது. ஆக, டயலோ பின்மூடியோ வேறொரு வாட்சிலிருந்து வந்தது. அதை வாங்க வந்தவர் சொல்லி நான் தெரிந்துகொண்டேன். வெட்கம்தான்.

பட்டெக் பிலிப், லாஞ்சின்ஸ் போன்ற சில நிறுவனங்கள், குறிப்பிட்ட சீரியல் எந்த ஆண்டு, எந்த மாடலாக வெளியே போனது என்று தங்கள் பழைய பதிவேட்டிலிருந்து சான்று எடுத்துத் தருகின்றன. கட்டணம் உண்டா, எத்தனை நாள் ஆகும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சில வாரமாவது ஒதுக்குங்கள். "சான்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்" என்ற வரிக்கு மதிப்பில்லை. சான்று கைக்கு வந்தபிறகுதான் அறிவிப்பைப் போட வேண்டும்.

இன்னொன்று: அந்தச் சான்று, அப்படியொரு வாட்ச் தயாரானது என்று மட்டுமே சொல்லும். இப்போது உங்கள் கையில் இருக்கும் டயலும் முள்ளும் அன்று போட்டவைதானா என்று சொல்லாது. 2021-இல் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போன ஒரு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், பல வாட்சுகளின் பாகங்களைக் கோத்து உருவாக்கியது என்று 2023-இல் ஒமேகாவே சொன்னது. அதற்கு ஏலத்துக்கு முன் போட்டிருந்த மதிப்பீடு 80,000 முதல் 1,20,000 பிராங்க் வரைதான். எனவே "முழுக்க முழுக்க ஒரிஜினல்" என்று உங்கள் கைப்பட எழுதாதீர்கள். "எனக்குத் தெரிந்தவரை மாற்றிய பாகங்கள் இவை" என்று எழுதுங்கள்.

வாட்ச் உங்களுக்கு எப்படி வந்தது என்பதற்கும் ஒரு காகிதம் வேண்டும். பரம்பரைச் சொத்து என்றால் உடன்பிறந்தவர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். விலை உயர்ந்த பிறகு உரிமை கேட்டு வருவது சொந்தங்களாகத்தான் இருக்கும். திருட்டு வாட்சுகளின் சீரியலைத் தேடித்தரும் வாட்ச் ரெஜிஸ்டர் போன்ற தரவுத்தளங்களில் கட்டணம் கட்டி ஒருமுறை பார்த்துவிடுவதும் நல்லது. பெரிய தொகை கேட்பவர் எப்படியும் பார்ப்பார்.

4. சர்வீஸ், பாலிஷ்: கையை வைக்காதீர்கள்

விற்கும் முன் "பளபள"வென்று ஆக்கிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். பாலிஷ் போட்டால் கேஸின் விளிம்புகள் மழுங்கும். சேகரிப்பவர்கள் காசு கொடுப்பதே அந்த விளிம்புகளுக்குத்தான். டயலைப் புதுப்பித்தால் கதை முடிந்தது.

சர்வீஸும் அப்படித்தான். நின்றுபோன வாட்ச் என்றால் நின்றுபோனது என்று எழுதி விற்கலாம். தெரியாத கையில் கொடுத்து பழைய முள்ளை மாற்றிவிட்டால், மாற்றிய முள்ளின் விலை அல்ல, போன முள்ளின் விலை உங்களுக்கு நட்டம். சர்வீஸ் செய்தே ஆக வேண்டுமென்றால் கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லி, ஒரு சின்னப் பையில் போட்டு வாட்சோடு சேர்த்து விற்றுவிடுங்கள்.

5. படங்களும் குறைப்பட்டியலும்

டயலை நேராக ஒன்று, சாய்வாக ஒன்று. நான்கு கொம்புகளும் தனித்தனியாக. சாவித் திருகு, பின்மூடி, உள்ளே இயந்திரம். இயந்திரப் படத்துக்கு வாட்ச் ரிப்பேர்காரரிடம் போய்த்தான் திறக்க வேண்டும். கத்தி முனையால் நெம்பாதீர்கள். அங்கேயே டைமிங் மெஷினில் வைத்து, அம்பிளிட்யூட் (உள்ளே ஊசலாடும் சக்கரத்தின் வீச்சு) எத்தனை டிகிரி, பீட் எரர் (இரு பக்க ஊசலுக்கும் இடையிலான நேர வித்தியாசம்) எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை விநாடி முந்துகிறது என்று அந்தத் திரையையும் படம் எடுத்துவிடுங்கள். குரோனோகிராஃப் என்றால் ஓட்டி, நிறுத்தி, முள் 12-க்குத் திரும்புவதை ஒரே வீடியோவாக எடுங்கள்.

இருட்டில் ஒரு படம் கட்டாயம். டயலின் அடியில் "டி ஸ்விஸ் டி" போன்ற குறி இருந்தால் ஒளிப்பூச்சு டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 12 ஆண்டு சொச்சம். அரை நூற்றாண்டுப் பூச்சு அநேகமாக அணைந்திருக்க வேண்டும். பளிச்சென்று நின்று ஒளிர்ந்தால் பின்னால் யாரோ பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைவிடப் பழைய வாட்சுகளில் ரேடியம் இருக்கும். அதைச் சுரண்டிப் பார்க்கவோ, உள்ளே ஊதவோ கூடாது. தூள் உடம்புக்குள் போனால் ஆபத்து.

பொதுவில் போடும் படங்களில் சீரியலின் கடைசி மூன்று இலக்கங்களை மறையுங்கள். தேதி எழுதிய துண்டுத்தாளை வாட்சுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படமாவது எடுங்கள். இல்லையென்றால் உங்கள் படத்தை வைத்து வேறொருவர் உங்கள் வாட்சை விற்றுக்கொண்டிருப்பார்.

குறைகளை எண் போட்டு எழுதுங்கள். நான் ஒழுங்காக விற்ற இரண்டாவது வாட்சில் ஏழு குறைகளை எழுதியிருந்தேன். "7 மணி குறிக்குப் பக்கத்தில் மயிரிழைக் கீறல், பூதக்கண்ணாடியில் மட்டும் தெரியும்" என்பதுவரை. கேட்க வந்த யாரும் அந்த ஏழு குறைகளைக் காட்டி விலையைக் குறைக்கவில்லை. குறையை அவர்களே கண்டுபிடிக்கும்போதுதான் பேரம் தொடங்குகிறது.

6. அறிவிப்பில் விதிகளை எழுதுங்கள்

"விலை கேட்கலாம்" என்ற என் ஒற்றை வரிக்குப் பதிலாக, இரண்டாம் முறை நான் எழுதியது ஏறக்குறைய இது:

"இந்த வாட்சுக்கு விலை குறிப்பிடவில்லை. கேட்கும் தொகையை எண்ணாக, தனிச்செய்தியில் அனுப்புங்கள். அடுத்த ஞாயிறு இரவு 9 மணி வரை வரும் எல்லாக் கேட்புகளையும் பார்ப்பேன். மிக உயர்ந்த தொகைக்குத்தான் கொடுப்பேன் என்ற கட்டாயம் இல்லை. யாருக்கும் கொடுக்காமலும் இருக்கலாம். தொகை, பார்சல் செலவும் கட்டணங்களும் நீங்கலாக என் கைக்கு வருவது. 'உங்களுக்குக் கொடுக்கிறேன்' என்று நான் எழுதி அனுப்பும்வரை எதுவும் முடிவானதல்ல. அதன்பின் 48 மணி நேரத்தில் பணம் வர வேண்டும். வாட்ச் கிடைத்து 3 நாளுக்குள், வர்ணனைக்கு மாறாக இருந்தால் திருப்பி அனுப்பலாம்."

ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு தலைவலி இருக்கிறது. வேறு நாட்டிலிருந்தும் கேட்பார்கள் என்றால் எந்த ஊர் நேரப்படி 9 மணி என்பதையும், எந்த நாணயம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கெடு ஏழு முதல் பத்து நாள் போதும். மூன்று நாள் என்றால் வெளியூரில் இருப்பவர் பார்க்கவே மாட்டார். ஒரு மாதம் என்றால் எல்லோரும் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போட்டு மறந்துவிடுவார்கள்.

அடிமட்டத்துக்கு வெகு கீழே வரும் கேட்புகளைத் தடுக்க வேண்டுமானால் "இந்தத் தொகைக்கு மேல்" என்று தொடக்க எண் ஒன்றைக் குறிப்பிடலாம். எனக்கு இதில் அவ்வளவு உடன்பாடில்லை. எந்த எண்ணைச் சொன்னாலும் கேட்கிறவர்கள் அதைச் சுற்றியே நிற்பார்கள்.

7. கேட்புகள் வரும்போது

ஒரு நோட்டில் தேதி, நேரம், பெயர், தொகை, நிபந்தனை என்று ஐந்து கட்டம் போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: "உங்கள் கேட்பு கிடைத்தது, பதிவு செய்துகொண்டேன். ஞாயிறு இரவு முடிந்ததும் பதில் சொல்கிறேன்." "சரி", "ஓகே", "பார்க்கலாம்", கட்டைவிரல் படம் எதுவும் வேண்டாம். எழுத்தில் போன ஒரு "சரி"யே பல இடங்களில் ஒப்பந்தம் ஆகிவிடும்.

"கடைசி விலை என்ன?" என்பவரிடம், "நான் விலை வைக்கவில்லை, உங்களுக்கு எவ்வளவு பெறும் என்று நினைக்கிறீர்களோ சொல்லுங்கள்" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். மறுபடியும் அதையே கேட்பவர் வாங்க வந்தவர் இல்லை.

"மற்றவர்கள் எவ்வளவு கேட்டிருக்கிறார்கள்?" என்றால், ஒருவர் கேட்டதை இன்னொருவரிடம் சொல்வதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்து அதிலேயே நில்லுங்கள். இல்லாத கேட்பை இருப்பதாகச் சொல்லி ஏற்றிவிடும் ஆசை வரும். அது மோசடி. தவிர, பழைய வாட்ச் சேகரிப்பவர்கள் வட்டம் சிறியது, ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள்.

கெடுவுக்கு முன்பே "இப்போதே முடித்துக்கொண்டால் இவ்வளவு" என்று ஒருவர் அவசரப்படுத்துவார். தாளில் எழுதிய மூன்றாவது எண்ணை அது தொட்டால் கொடுத்துவிடலாம், ஆனால் கெடுவுக்கு முன் முடிக்கும் உரிமையை அறிவிப்பிலேயே எழுதியிருந்தால் மட்டும். தொடாவிட்டால் ஞாயிறு வரை காத்திருக்கச் சொல்லுங்கள். நிஜமாக வேண்டுமென்பவர் காத்திருப்பார்.

8. யாருக்குக் கொடுப்பது

உயர்ந்த எண்தான் நல்ல கேட்பு என்றில்லை. 100 சொல்லிவிட்டு "என் ரிப்பேர்காரர் பார்த்துச் சரியென்றால்தான்" என்பவரையும், 94 சொல்லி நாளைக்கே பணம் அனுப்புகிறவரையும் வைத்தால் நான் இரண்டாமவரைத்தான் எடுப்பேன். தவணை, பண்டமாற்று, "பாதி இப்போது பாதி பிறகு" என்பவற்றைத் தனியாக ஒதுக்கிவையுங்கள். நீங்கள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக, ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒருவர் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். வாட்சைப் பற்றி எதுவுமே கேட்காதவருக்கு வேண்டியது வாட்ச் அல்ல.

எல்லாமே அடிமட்டத்துக்குக் கீழே இருந்தால் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் நன்றி சொல்லி மூடிவிட்டு, சில மாதம் விட்டு மறுபடி போடுங்கள். அடுத்த வாரமே விலை எழுதி மறுபடி போட்டால் எல்லோருக்கும் உங்கள் அவசரம் புரிந்துவிடும்.

9. பணமும் பார்சலும்

பணம் உங்கள் கணக்கில் விழுந்துவிட்டது என்று வங்கியிலேயே பாருங்கள். வாங்குபவர் அனுப்பும் ரசீதுப் படம் பணமாகாது. "தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மூன்றாம் நபர் பணத்தைப் பிடித்துவைத்துக் கொடுக்கும் சேவை என்று அவர் ஒரு இணைப்பை அனுப்பினால், அதை அழுத்தாமல் நீங்களே தேடிப் போய்ப் பாருங்கள். பேபால் வழியாக வந்த பணத்துக்கு 180 நாள் வரை வாங்கியவர் புகார் எழுப்பலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஒரு பக்க விற்பனைக் காகிதம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மாடல், முழு சீரியல், குறைப்பட்டியல், தொகை, தேதி, திருப்பி அனுப்பும் விதி ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

பார்சல் காப்பீட்டில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். பல நிறுவனங்கள் நகை, வாட்ச் இரண்டையும் காப்பீட்டிலிருந்து விலக்கிவிடும், அல்லது ஒரு சிறு தொகைக்கு மேல் கொடுக்காது. பிரீமியம் வாங்கிக்கொண்டார்கள் என்பதாலேயே காப்பீடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. முதலை, பல்லித் தோல் ஸ்ட்ராப் என்றால் நாடு கடந்து அனுப்ப சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) அனுமதி தேவைப்படலாம். கழற்றிவைத்துவிட்டுச் சாதாரண ஸ்ட்ராப்பில் அனுப்புங்கள், அறிவிப்பிலும் அப்படியே எழுதுங்கள். சுங்கப் படிவத்தில் மதிப்பைக் குறைத்துப் போடச் சொல்லி வாங்குபவர் கெஞ்சுவார். போட்டால் பொய் அறிவிப்பு உங்கள் பெயரில் போகும். பார்சல் தொலைந்தாலும் அந்தக் குறைத்த தொகைதான் கிடைக்கும்.

பெட்டியில் வைப்பதிலிருந்து ஒட்டுவதுவரை ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள், முழு சீரியலும் தெரியட்டும்.

இரண்டாவதாக நின்றவரிடம் "விற்றுவிட்டது" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். "வேறொருவருக்கு உறுதி செய்திருக்கிறேன், அது நடக்காவிட்டால் உங்களிடம் வருகிறேன், அதுவரை உங்கள் கேட்பு நிற்குமா?" என்று கேட்டுவையுங்கள். எனக்கு இரண்டாவது வாட்ச் போனதே அப்படித்தான். முதலாமவரின் 48 மணி நேரம் முடிந்து பத்து நிமிடத்தில் அடுத்தவருக்கு எழுதினேன், அன்று மாலையே பணம் வந்தது.